ஜாமீன் நிழல்

தங்கச்சி மகளுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று பொன்னுராஜ் மாமா சொன்னார். அவருடைய நிழலோ, அவள் புருஷனுக்கு ஜாமீன் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டது. சட்டப்படி நிழல் சொன்னதுதான் செல்லும்.

செய்தி வந்தபோது செண்பகப்பிரியா வேலையில் இருந்தாள். ஹூஸ்டன் நகரத்தில் செயற்கைப் பல் வார்க்கும் ஆய்வகம் அது. யாரோ ஒரு புண்ணியவானின் கடைவாய்ப் பல்லை மெருகேற்றிக்கொண்டிருந்தவள், செய்தியைப் படித்துவிட்டு அந்தப் பல்லைச் சுவரில் விட்டெறியலாமா என்று யோசித்தாள். எறிந்தால் திரும்பவும் அவள்தான் வார்க்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

இரண்டு வருஷமாக இதே ரோதனைதான். படிக்க வந்த இடத்தில் வேலை கிடைத்து, நிரந்தரமாகத் தங்கும் அட்டையும் வாங்கி, கோவில்பட்டிக்குப் போய்ச் சிவநேசனைக் கல்யாணம் செய்துகொண்டு, மறுவீட்டு விருந்து செரிப்பதற்குள் விமானம் ஏறி வந்துவிட்டாள். பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வந்தானா? அவளுடைய சம்பளம் ஒருத்திக்குத்தான் காணும், இரண்டு பேருக்குக் காணாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. வசதியுள்ள சொந்தக்காரர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். நாளைக்கு அந்தப் பையனுக்கு ஒரு கஷ்டம் என்றால் அவர்தான் தாங்க வேண்டும்.

அமெரிக்காவில் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அம்மாவின் அண்ணன் பொன்னுராஜ். அதே ஹூஸ்டனின் புறநகரில் இரண்டு சலவைக்கடை வைத்திருந்தார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "எந்த இடத்துல கையெழுத்துப் போடணும், அதை மட்டும் சொல்லுட்டி" என்றார். கையெழுத்துக் காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று பாவம் அவருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டாள். போடாமல் இருந்திருக்கலாம்.

"நிழலுன்னா என்னட்டி? எக்ஸ்ரேயா?" என்றாள் அம்மா.

"எத்தனை தடவைம்மா சொல்லுதது! மாமா தலையில ஒரு தொப்பியை மாட்டி ஒரு நாள் காலையில பூரா உக்கார வச்சாங்கல்லா? அவர் இதுவரைக்கும் போன்ல பேசினது, மெசேஜ் போட்டது எல்லாத்தையும் அதோட சேத்து, அவரை மாதிரியே நினைக்கிற, அவரை மாதிரியே பேசுற இன்னொரு ஆளைக் கம்ப்யூட்டருக்குள்ள செஞ்சிட்டாங்க. அந்த ஆளுட்ட கேப்பாங்க, நாளைக்கு மாப்பிள்ளைக்கு வேலை போயிட்டா நீ பாத்துக்கிடுவியான்னு."

"அதை அண்ணன்கிட்டயே நேரா கேட்டுத் தொலைக்க வேண்டியதுதான?"

"நேரா கேட்டா எல்லாரும் சரின்னுதான் சொல்லுதாங்க. கையெழுத்தும் போட்டுருதாங்க. அப்புறம் கஷ்டம்னு போய் நின்னா கதவைத் திறக்க மாட்டேங்காங்க. அதனாலதான் நிழல்கிட்ட கேக்காங்க. நிழலுக்கு முகதாட்சண்யம் கிடையாதாம்."

"எங்கண்ணன் அப்படிச் சொல்லவே மாட்டான். மெஷின் கோளாறு. நம்ம வீட்டு ஃபிரிட்ஜும் இப்படித்தான், நல்லா இருக்க தக்காளியை அழுகிப்போச்சுங்கு." அம்மா கொஞ்சம் யோசித்தாள். "வேணும்னா நம்ம துரைப்பாண்டியை அனுப்பி வைக்கவா? எதுன்னாலும் முன்னால வந்து நிப்பான்."

துரைப்பாண்டி அம்மாவுக்குச் சித்தி மகன். கோவில்பட்டியை விட்டு நகராதவர். ஊரில் எந்தக் கல்யாணம், எந்தக் கடை திறப்பு என்றாலும் போட்டோவில் இருப்பவர். அவர் எப்படி அமெரிக்காவில் ஜாமீன் நிற்பார் என்று செண்பா கேட்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு போனை வைத்தாள்.

சிவநேசன் இன்னும் மோசம். கோபமே படமாட்டான். கோவில்பட்டி பேருந்துப் பணிமனையில் பேட்டரிப் பிரிவில் வேலை. தூத்துக்குடியில் பெரிய பொறுப்புக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். 'இந்தா விசா வந்துரும்' என்று இரண்டு முறையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"விடு செண்பா. இன்னொரு தடவை பாப்போம்" என்றான்.

"இன்னொரு தடவைதான் இருக்கு. அதுலயும் நிழல் முடியாதுன்னா அஞ்சு வருஷத்துக்குக் கோப்பை மூடிருவாங்க. அஞ்சு வருஷம்! புரியுதா உனக்கு?"

"புரியுது. நீ கோவப்படாத."

"நான் கோவப்படலை!" என்று கத்தினாள். பக்கத்தில் இருந்தால் ஒரு கையைப் பிடித்து முடித்துவிடலாம். இந்தக் கல்யாணத்தில் ஒவ்வொரு சண்டையையும் பேசிப் பேசியே தீர்க்க வேண்டியிருந்தது. பேசிப் பேசி அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

பொன்னுராஜ் மாமாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சலவைக்கடையில் துணி சுற்றிக்கொண்டிருந்த இயந்திரங்களுக்கு நடுவே நின்று கத்தினார்.

"எனக்கே தெரியாம எனக்குள்ள ஒருத்தன் உக்காந்துக்கிட்டு முடியாதுன்னு சொல்லுதானா? யாரு அவன்? என் முன்னால வரச் சொல்லு பாப்போம்!"

துணி எடுக்க வந்த ஒரு மெக்சிகோக்காரப் பாட்டி பயந்துபோய் ஈரத்துணியோடு வெளியே போய்விட்டாள்.

"மாமா, உங்களுக்கு எங்க மேல எதுவும் வருத்தமா?" என்று செண்பா கேட்டாள்.

"எனக்கென்னட்டி வருத்தம்? ஒரு மண்ணும் கிடையாது." சொல்லிவிட்டுச் சில்லறை மாற்றும் பெட்டியைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்தார்.

அடுத்த சோதனைக்குள் தன்னைத் திருத்திக்கொள்வது என்று அவர் முடிவு செய்ததுதான் பெரிய கூத்து. ரேணுகா அத்தை போனில் புலம்பினாள். "நல்ல மனுஷனா ஆவதுக்குப் பயிற்சி எடுக்காராம்ட்டி உங்க மாமா. காலையில எந்திரிச்சு எனக்குக் காப்பி போட்டுத் தாராரு. வாயில வைக்க முடியலை. கண்ணை மூடி உக்காந்து 'சிவநேசன் என் மகன் மாதிரி, சிவநேசன் என் மகன் மாதிரி'ன்னு சொல்லுதாரு. எனக்குப் பயமா இருக்கு. சீக்கிரம் ஏதாவது பண்ணு."

ஏதாவது பண்ண ஒரே ஒரு வழி சட்டத்தில் இருந்தது. மறுப்பு வாங்கியவர்கள் ஒருமுறை நிழலை நேரில் பார்த்துப் பேசலாம். செண்பா நாள் வாங்கினாள்.

குடியேற்ற அலுவலகத்தில் அவள் கோப்பைப் பார்த்த அதிகாரி திருமதி ஒகாஃபோர். நைஜீரியாவிலிருந்து வந்து குடியேறியவர், நிதானமான பெண்மணி. செண்பா உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"உங்கள் மாமாவின் நிழல் திரும்பத் திரும்ப ஒரு பதிலைத்தான் சொல்கிறது. 'மாலை போட்டவரிடம் கேளுங்கள்' என்கிறது. அந்த மாலை போட்டவர் யார்? எங்கள் பதிவில் அப்படி ஒருவர் இல்லை. அவர் பூ வியாபாரியா?"

"மாலையா?" என்றாள்.

"சரி, நீங்களே கேளுங்கள். இரண்டு விஷயம். தான் நிழல் என்று அவருக்குத் தெரியாது. சோதனை அறையில் இன்னும் உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைக்கிறார். நீங்களும் சொல்லக் கூடாது. அடுத்தது, நிழல் சொல்வதை உங்கள் உண்மையான மாமாவிடம் சொல்லக் கூடாது. முடிவு வரும்வரை ஒரு வார்த்தை வெளியே போனாலும் கோப்பு மூடப்படும்."

"ஏன்? அவர் மனசுல இருக்கறதை அவர்கிட்டயே சொல்லக் கூடாதா?"

"சொன்னால் நடிக்கப் பழகிக்கொள்வார்கள். பிறகு நிழலும் நடிக்கும்" என்றார் அதிகாரி.

காப்பி போட்டுப் பழகும் மாமா அவள் நினைவுக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டாள்.

சிறிய அறை. ஒரு நாற்காலி. எதிர்ச் சுவர் வெளுத்து, அதில் பொன்னுராஜ் மாமா உட்கார்ந்திருந்தார். சோதனைக்குப் போன அன்று போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை. பையில் பேனா. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியாட்டி? இவங்க கேள்வி முடியவே மாட்டேங்கு. ஏசியை வேற போட்டுக் கொல்லுதாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்னு அத்தைட்ட சொல்லிட்டு வந்தேன். லேட்டாகும்னு ஒரு போனைப் போட்டுச் சொல்லிரு."

"சொல்லுதேன் மாமா."

"நீ சாப்பிட்டியா?"

இது சுவர், வெறும் சுவர் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "சாப்பிட்டேன் மாமா. ஒண்ணு கேக்கணும். என் வீட்டுக்காரருக்கு ஜாமீன் நிக்க மாட்டேன்னு சொன்னீங்களா?"

மாமா நாற்காலியில் நெளிந்தார். "மாட்டேன்னு எங்கட்டி சொன்னேன்? அந்தப் பையன் வேலை போயி உங்க வாசல்ல வந்து நின்னா என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. உள்ள கூப்பிட்டு இலையைப் போட்டுச் சோறு வைப்பேன்னேன். கடையில நிக்கச் சொல்லிச் சம்பளம் குடுப்பேன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் கேக்காங்க, அவரோட பொறுப்பு உங்களுதானேன்னு. அது எப்படி என்னுது ஆகும்? மேடையில உனக்குத் தாய்மாமன் மாலை போட்டது யாரு? துரைப்பாண்டி. அப்பப் பொறுப்பும் அவனுதுதானே?"

இரண்டு வருஷம். கட்டின புருஷன் ஒரு கண்டத்தில், அவள் ஒரு கண்டத்தில். இத்தனைக்கும் காரணம் இதுவா?

"ஒரு மாலைக்கா மாமா?" அவள் எழுந்துவிட்டாள். "ஒரு மாலைக்காகவா என் வாழ்க்கையை இப்படி அந்தரத்துல நிப்பாட்டி வச்சிருக்கீங்க? நான் தனியா பொங்கித் தனியா தின்னுக்கிட்டுக் கிடக்கேன் மாமா. அவரு அங்க வந்த வேலையெல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டு உக்காந்திருக்காரு. காய்ச்சல் வந்தா நெத்தியில கை வைக்க ஆளில்லை. யாரு போட்டா என்ன? பூதானே அது! சாயங்காலம் வாடிப்போற பூ!"

கத்தி முடித்ததும் மூச்சு வாங்கியது. மாமா கோபப்படவில்லை. தலையைக் குனிந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோவாளைச் சந்தைப் பூ அது" என்றார்.

"என்ன?"

"நீ பிறந்தப்பவே நினைச்சது. இவ கல்யாணத்துக்குத் தோவாளை மாலைதான்னு. அதுக்காகத்தான் மதுரைக்கு டிக்கெட் போடாம திருவனந்தபுரத்துல இறங்கினேன். வழியில தோவாளையில வண்டியை நிப்பாட்டி, கண்ணு முன்னால கட்டச் சொன்னேன். ஒரு கையால தூக்க முடியாது, அப்படி மாலை. அதுலதான் லேட்டாயிட்டு. மண்டபத்துக்கு வந்து, மாடி அறையில பேண்ட்டைக் கழட்டி வேட்டியைக் கட்டிட்டு இருக்கேன், மைக்ல கூப்பிடுதான், தாய்மாமா வாங்கன்னு. இந்தா வந்துட்டேன்னு மாலையைத் தூக்கிட்டு ஓடியாந்தேன். மேடையில துரைப்பாண்டி போட்டோவுக்குச் சிரிச்சிட்டு நிக்கான். உன் கழுத்துல மாலை கிடக்கு."

செண்பா மெதுவாக உட்கார்ந்தாள். அன்றைக்கு நடந்தது நினைவிருந்தது. போட்டோக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். நேரம் போகுது, யாராவது ஒரு மாமா மேலே ஏறுங்கப்பா என்று ஒரு குரல். கழுத்தை நீட்டினாள். கண்ணிமையில் ஒட்டியிருந்த பசை காயவில்லை, நிமிர்ந்து பார்க்காதே என்று அலங்காரக்காரி சொல்லியிருந்தாள். எந்த மாமாவின் கை என்று அவள் பார்க்கவே இல்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா மாமா?"

"என்னன்னு சொல்ல? கல்யாண வீட்டுல நின்னு, என்னை மாலை போட விடலைன்னு அழவா? சிரிச்சேன். பரவால்லன்னேன். தோவாளை மாலையைத் திரும்பக் கார்ல கொண்டு போட்டேன், அங்கயே வாடிப்போச்சு. பந்தியில உக்காராம கிளம்பிட்டேன். பொன்னுராஜ் சாப்பிட்டானான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. அவருக்கு அமெரிக்க வயிறு, எண்ணெய்ப் பலகாரம் சேராது என்று அம்மா யாரிடமோ சொன்னது மட்டும் காதில் விழுந்திருந்தது.

"தப்புதான் மாமா. மன்னிச்சிருங்க."

"உன் மேல ஒரு கோவமும் இல்லட்டி. அவனுக்குச் சோறு கேளு, துணி கேளு, தாரேன். ஆனா பொறுப்புங்கிறதை நானா எடுத்துக்கிட முடியாது. நீங்க தந்தாத்தான் எடுத்துக்கிட முடியும்."

சுவரின் ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. நேரம் முடிந்தது என்று அர்த்தம். மாமாவுக்கு அது தெரியவில்லை.

"கிளம்புதியா? அத்தைட்ட சொல்லிரு. மறந்துராத. எனக்காக சாப்பிடாமக் காத்துக்கிட்டு இருப்பா."

சுவர் திரும்ப வெறும் சுவரானது.

வெளியே வந்ததும், "இனிமேல் இவரை என்ன செய்வீர்கள்?" என்று அதிகாரியிடம் கேட்டாள்.

"நிறுத்திவிடுவோம். அடுத்த சோதனையில் புது நிழல் செய்வோம்."

"நிறுத்துறதுன்னா?"

திருமதி ஒகாஃபோர் வேறு பக்கம் பார்த்தார். "அவருக்குத் தெரியாது. அவருக்கு அது இன்னும் அந்தக் காலைதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கள் ஊரிலும் அம்மாவின் அண்ணனைக் கேட்காமல் ஒரு காரியமும் நடக்காது. ஆனால் அதை எழுதுவதற்கு இங்கே கட்டம் இல்லை" என்று சேர்த்துக்கொண்டார்.

காரில் ஏறி உட்கார்ந்து செண்பா அழுதாள். அழுத கையோடு திட்டினாள். துரைப்பாண்டியைத் திட்டினாள், போட்டோக்காரனைத் திட்டினாள், கண்ணிமைப் பசையைக் கண்டுபிடித்தவனைத் திட்டினாள். மனசில் இருப்பதை வாயால் சொல்லாத அத்தனை மாமாக்களையும் மொத்தமாகத் திட்டினாள். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும்; யாரிடமும் சொல்ல முடியாது. இது என்ன கொடுமையடா சாமி!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு போனாள். பெட்டிக்குள் மாலை. அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்தியக் கடைக்காரர் ஜோடியாகத்தான் விற்பேன் என்று ஒரே பிடியாக நின்றார். மாப்பிள்ளை இல்லையே என்றால், இல்லாத மாப்பிள்ளைக்கு எதற்கு மாலை என்று அவளையே கேட்டார். கடைசியில் இரண்டையும் வாங்கி, ஒன்றை அவர் கடைச் சாமி படத்துக்கே போட்டுவிட்டு வந்தாள்.

"இது என்னட்டி?" என்றார் மாமா. பேப்பர் படிக்கும் கண்ணாடியோடு சோபாவில் இருந்தார்.

செண்பா சமையலறையிலிருந்து அத்தையின் குட்டை ஸ்டூலை எடுத்து வந்து கூடத்தின் நடுவில் போட்டு, கிழக்கு எது என்று போனில் பார்த்துத் திருப்பி வைத்து உட்கார்ந்தாள். "மாமா, என் கல்யாணத்துல நீங்க எனக்கு மாலை போடலை. இப்பப் போடுங்க."

கண்ணாடியைக் கழற்றினார். "யாரு சொன்னா உன்ட்ட?"

"யாரும் சொல்லலை. எனக்கே தோணுச்சு."

"இப்ப எதுக்கு இந்தக் கூத்து? அதெல்லாம் நான் எப்பவோ மறந்தாச்சு."

"நான் மறக்கலை."

"எனக்கு அதுல ஒரு வருத்தமும் கிடையாது!"

"எனக்கு இருக்கு மாமா! எனக்கு இருக்கு!" செண்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க மறப்பீங்க, பரவால்லம்பீங்க, சிரிப்பீங்க. ஊரே அப்படித்தான். ஒருத்தராவது வாயைத் திறந்து இது எனக்கு வலிக்குன்னு சொல்லுதீங்களா? நான் சொல்லுதேன். என் தாய்மாமன் உசிரோட மண்டபத்துல இருக்கும்போது வேற ஒரு ஆளு எனக்கு மாலை போட்டாரு. நான் நிமிந்துகூடப் பாக்கலை. அது தப்பு. வந்து போடுங்க!"

மாமா எழுந்தார். விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டார். அறைக்கதவு மூடும் சத்தம் கேட்டது.

"போச்சு" என்றாள் அத்தை. "இனி ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாரு. ஏன்ட்டி, நல்லா இருந்த மனுஷனைக் கிளறி விடுத?"

செண்பா ஸ்டூலை விட்டு எழவில்லை. கால் மரத்துப்போனது. அத்தை அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எல்லாம் பாழாய்ப் போனது, ஐந்து வருஷம், இனி ஐந்து வருஷம் என்று செண்பாவின் மனசு அடித்துக்கொண்டது.

மாடிப்படியில் காலடி கேட்டது. மாமா வேட்டி கட்டி, மேலே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். வேட்டியில் பெட்டியில் கிடந்த மடிப்பு அப்படியே இருந்தது. நேராகப் பெட்டிக்குப் போய் மாலையை எடுத்தார். இரண்டு கையாலும் தூக்கி எடை பார்த்தார்.

"தோவாளை மாலைக்கு இது கால் தூசிக்கு வராது" என்றார்.

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. செண்பா இந்த முறை நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கழுத்தை நீட்டினாள். மாமா மாலையைப் போட்டார். அத்தை கரண்டியோடு வந்து நின்று குலவை போட்டாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிறகு செண்பா இலை போட்டு, மாமாவை உட்கார வைத்து, தானே பரிமாறினாள். "சாப்பிடுங்க மாமா" என்று மூன்று தடவை சொன்னாள். மாமா பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தார்.

"ஏட்டி. அந்த உள்ள இருக்கவன் உன்ட்ட ரொம்பப் பேசிட்டானோ?"

சொன்னால் கோப்பு மூடப்படும். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா?" என்றாள் செண்பா.

மாமா அவளைப் பார்த்தார். "ஊத்து" என்றார்.

இரண்டாவது சோதனைக்கு அவர் காப்பி போடாமல், கண்ணை மூடி எதையும் சொல்லாமல் போய்விட்டு வந்தார். முடிவைச் சொல்லத் திருமதி ஒகாஃபோரே கூப்பிட்டார்.

"ஒப்புதல் ஆகிவிட்டது. இந்த முறை பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை முடிக்கவே நிழல் விடவில்லை. 'என்னுடையது, அதில் என்ன சந்தேகம்' என்று எங்களைத் திட்டிவிட்டது. இதை நான் சொல்லலாம், கோப்பு முடிந்துவிட்டது."

செண்பா நன்றி சொன்னாள். அந்த நிழலையும் நிறுத்தியாகிவிட்டதா என்று கேட்க வாய் வரவில்லை.

சிவநேசன் வந்து இறங்கினான். விமான நிலையத்தில் அவன் கையைப் பிடித்தவள் கார் வரைக்கும் விடவில்லை. பெட்டி தள்ள ஒரு கை போதாது என்று அவன் சொல்லியும் விடவில்லை. மறுநாள் மத்தியானம் மாமா வீட்டில் விருந்து. வாழை இலை, மீன் குழம்பு, பொரியல், ரசம். மாமா மாப்பிள்ளையை மூச்சு விடவே விடவில்லை.

"நல்லாச் சாப்பிடுங்க மாப்பிள்ளை. வேலை கிடைக்கலையேன்னு நினைக்காதீங்க. நான் இருக்கேன். உங்க பொறுப்பு என்னுது."

"போதும் மாமா" என்று சிவநேசன் இலையை மறைத்தான். மாமா அவன் கையை விலக்கிவிட்டு இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

செண்பாவுக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. இத்தனை ஓட்டத்தில் மறந்தே போயிருந்தாள். கேட்டவர் இல்லாமல் போனாலும் கொடுத்த வாக்கு வாக்குதானே.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்."

"என்னட்டி?" என்றாள் அத்தை, ரசத்தைக் கலக்கிக்கொண்டே.

"மொதத் தடவை சோதனைக்குப் போனாருல்லா மாமா? மத்தியானச் சாப்பாட்டுக்கு வர லேட்டாகும்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."

"அன்னைக்கா? அன்னைக்கு டாண்ணு வந்துட்டாரே. மீன் குழம்பு வச்சிருந்தேன். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு. உன்கிட்ட எப்பச் சொன்னாரு?"

மாமாவின் கை சோற்றில் நின்றது. அவளைப் பார்த்தார்.

"அப்ப அவன் சாப்பிடலையா?" என்று கேட்டார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். மாமா எதிர்ச் சுவரைப் பார்த்தார். அதில் காலண்டர் தவிர ஒன்றும் இல்லை. அத்தையைக் கூப்பிட்டார்.

"ரேணுகா, இன்னும் ரெண்டு இலை போடு."

"ரெண்டு இலையா? யாரு வாரா?"

"ரெண்டு தடவை போனேன்லா. போடு."

"இந்த வீட்டுல ஒருத்தரும் எனக்கு எதையும் விளங்கச் சொல்றது கிடையாது" என்று முணுமுணுத்துக்கொண்டே அத்தை இரண்டு இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். சோறு வைத்தாள். மீன் குழம்பும் ஊற்றினாள்.